கிட்ச்சுன்னா என்னங்க தம்பி?

அன்னிக்கு எனக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணு. கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்குப் போயி பையர் அம்மாவ, அதாவது எங்ககிட்டத் துணி வாங்கற வெளிநாட்டு மேடத்த, கார்ல கூட்டிட்டு வரணும். அவ்வளவுதான்.

நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுல இருந்து ஆர்டர் குடுக்கற பையருக்கும், இங்க தைக்கறவங்களுக்கும் நடுவுல நின்னு, ரெண்டு பக்கமும் திட்டு வாங்கறவனுக்குத்தான் அந்தப் பேரு. எட்டு வருஷமா ஒரே கம்பெனி.

மூணு அரியரோட காலேஜ விட்டு வந்தவன் நான். மார்க் ஷீட்டப் பாத்துட்டு நாலு கம்பெனில "சொல்லி அனுப்பறோம்"னாங்க. இன்னும் சொல்லி அனுப்பல. எங்க எம்.டி. ஈஸ்வரமூர்த்தி மட்டும் அதத் திருப்பிக்கூடப் பாக்காம, "நாளைக்குக் காலைல வந்துருங்க தம்பி"ன்னாரு. இத முதல்லயே சொல்லிடறேன். நான் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு போகப் போக உங்களுக்குப் புரியறதுக்கு இது தேவைப்படும்.

பையர் அம்மா பேரு ஹெல்கா. குளிர் நாட்டுக்காரங்க, டிசைனர். அவங்க தலையாட்டினாத்தான் அடுத்த குளிர்கால ஆர்டர் எங்களுக்கு. அதனால கார்ல ஏசி, தண்ணி, டிஷ்யூ எல்லாம் வெச்சு, நல்ல சட்டையாப் போட்டுட்டு, பதவிசாக் கூட்டிட்டு வந்துட்டு இருந்தேன்.

அவிநாசி தாண்டறப்ப எம்.டி. போன்.

"தம்பி, வர்ற வழிலதானுங்க நம்ம புது ஊடு. அந்தம்மாளுக்கு ஒரு அஞ்சு நிமிசம் காட்டிப்போட்டுக் கூட்டியாங்க. பெயின்ட் வேலையெல்லாம் முடிஞ்சு போச்சுங்க."

வேற வழியா வந்துட்டோம்னு பொய் சொல்லலாமான்னு பாத்தேன். ஏன்னா அந்த வீட்ட நான் ஏற்கெனவே பாத்திருக்கேன்.

காங்கேயம் ரோட்டுல, பேக்டரிக்கு ரெண்டு தெரு முன்னால இருக்கு. வாசல்ல ரெண்டு சிமெண்ட் யானை, தும்பிக்கையத் தூக்கிட்டு. கேட்டுல தோகை விரிச்ச மயில். உள்ள போனா மூணு அடுக்கு சாண்டலியர். சீலிங் பூரா நீல வானம், அதுல கலர் மாறி மாறி எரியற நட்சத்திரம். சுவத்துல ஒரு அருவிப் படம். சுவிட்சப் போட்டா அருவில தண்ணி ஓடும், குருவி கத்தும். மாடிப்படிக் கைப்பிடி முழுக்கத் தங்கக் கலர்.

இது போதாதுன்னு மொட்டை மாடில தண்ணித்தொட்டி. அதுவும் பனியன் நூல் சுத்தி வர்ற கூம்பு இருக்குல்ல, அந்த நூல் கோன் வடிவத்துல! பத்தடி ஒசரம். நூல் சுத்தின மாதிரியே வரி வரியாக் கோடு போட்டு, மேல தங்க பெயின்ட். காங்கேயம் ரோட்டுல வர்ற பஸ்ஸுல இருந்தே தெரியும். கண்டக்டருங்க இப்பல்லாம் "கோன் ஊடு ஸ்டாப்பிங் இறங்கு"ன்னுதான் சொல்றாங்க.

எம்.டி. எந்த ஆர்க்கிடெக்டையும் கூப்பிடல. எல்லாம் அவரா யோசிச்சு, கொத்தனாரு பக்கத்துலயே நின்னு, ஒண்ணொண்ணாக் கட்டினது.

ஹெல்கா அம்மா உள்ள வந்தாங்க. நின்னாங்க. வாயில கை வெச்சாங்க. நான் கடமை தவறாம அருவி சுவிட்சப் போட்டேன். குருவி கத்துச்சு.

"ஓ! கிட்ச்! வொண்டர்ஃபுல் கிட்ச்!"னு சொல்லிட்டு, கண்ணு ரெண்டும் விரியச் சிரிச்சாங்க.

நானும் சிரிச்சேன்.

சும்மா சிரிக்கல. கண்ண ஒரு உருட்டு உருட்டி, தலைய ஒரு ஆட்டு ஆட்டி, "என்ன பண்றது மேடம், எங்க ஊர்ல இப்படித்தான். ஆனா நான் இந்தக் கூட்டத்துல சேத்தி இல்ல"ங்கற அர்த்தம் வர்ற மாதிரி ஒரு சிரிப்பு. மாடிக்குக் கூட்டிட்டுப் போயி அந்தக் கோனைக் காட்டி, அதுக்கும் தனியா ஒரு தடவை சிரிச்சேன்.

அந்தம்மா மாடிலயே நின்னு போட்டோ எடுத்துட்டு இருக்க, நான் மட்டும் கீழ எறங்கித் திரும்பினா, வாசப்படில எம்.டி. நிக்கறாரு. செருப்பக் கழட்டிப்போட்டு, ரெண்டு கைலயும் எளநி. பையருக்குத் தானே குடுக்கணும்னு பேக்டரில இருந்து ஸ்கூட்டர்ல ஓடி வந்திருக்காரு. எப்ப வந்தாரு, எவ்வளவு நேரமா நிக்கறாருன்னு தெரியல.

"அந்தம்மா என்னமோ சொன்னாங்களே, என்னங்க தம்பி?"

"கிட்ச்னு சொன்னாங்க சார்."

"கிட்ச்சுன்னா என்னங்க தம்பி?"

எனக்கு அர்த்தம் தெரியும். அதுதான் பிரச்சினையே! ரெண்டு வருஷம் முன்னால ஒரு டிசைன் கிளாஸுக்குப் போயிருந்தேன். அதுக்கு என்னை அனுப்பி வெச்சதும் இதே எம்.டி.தான். அங்க ஒரு வாத்தியார் சொன்னாரு. அழகா இருக்கும்னு நெனச்சு அள்ளி அப்பி வெச்சிருக்கற ஜோடனை, கண்ணீர் விடற நாய்க்குட்டிப் படம், தங்க முலாம் பூசின பிளாஸ்டிக் பூ, இந்த மாதிரி அடக்கமே இல்லாத சமாச்சாரத்த ரசனை தெரிஞ்சவங்க கேலியாச் சொல்ற பேருதான் கிட்ச்னு. அதுக்கப்பறம் "ஆனா இன்னொண்ணு கவனிக்கணும்"னு ஆரம்பிச்சாரு. நான் டீ குடிக்க எந்திரிச்சுப் போயிட்டேன்.

இத எப்படிச் சொல்றது? ரெண்டு கைலயும் எளநியோட நிக்கற மனுசன்கிட்ட?

"அது ஒரு ஸ்டைலுங்க சார்" அப்படின்னேன். "கலைல ஒசத்தியான ஸ்டைலு. அந்தக் காலத்துல அங்க ராஜாக்களெல்லாம் அரண்மனைல இப்படித்தான் பண்ணுவாங்களாம். பாத்த ஒடனே மனச அள்ளிரணும். அதுக்குப் பேருதான் கிட்ச்."

ராஜாக்கள நான் எங்கிருந்து கூட்டிட்டு வந்தேன்னு எனக்கே தெரியல.

எம்.டி. என்னையே கொஞ்ச நேரம் பாத்தாரு. எளநியக் கீழ வெச்சுட்டு, சட்டைப் பைல இருந்து சின்ன டைரிய எடுத்தாரு.

"எழுத்து சொல்லுங்க."

சொன்னேன். ஒவ்வொரு எழுத்தா எழுதிக்கிட்டாரு. அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

மூணு நாள் கழிச்சு ஆரம்பிச்சுது.

காலைல ஆபீஸுக்குள்ள நுழையறேன். எம்.டி. எதுக்க வந்தாரு. மேலயும் கீழயும் பாத்தாரு.

"தம்பி, உங்க சட்டை இன்னைக்கு நெம்பக் கிட்ச்சா இருக்குதுங்க."

பூப்போட்ட சட்டை. வாங்கி ஒரு வாரம்தான் ஆச்சு. மனுசன் பாராட்டறாரு, நாம என்ன சொல்ல முடியும்?

"தேங்க்ஸ் சார்."

மத்தியானம் நான் கலர் கலராக் கட்டம் போட்டு வெச்சிருந்த எக்ஸெல் ஷீட்டப் பாத்தாரு. "அடேங்கப்பா, என்னங்க தம்பி இது, இவ்வளவு கிட்ச்சாப் போட்டிருக்கறீங்க!"

"தேங்க்ஸ் சார்."

மறுநாள் என் பைக்குல தொங்கின குஞ்சம் கிட்ச். அதுக்கு மறுநாள் என் போன் ரிங்டோன் கிட்ச். நான் எழுதின மெயிலப் படிச்சுட்டு, "உங்க இங்கிலீசு இருக்குதுங்களே, அதுதானுங்க ஒரிஜினல் கிட்ச்"னாரு. ஒவ்வொண்ணுக்கும் தேங்க்ஸ் சொல்லிட்டு, உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டேன். பாவம், அர்த்தம் தெரியாமப் பேசறாருன்னு.

பாவமாம்!

அந்த வாரக் கடைசில எம்.டி. என்னை ரூமுக்குக் கூப்பிட்டாரு. கிரகப்பிரவேசம் அடுத்த மாசம், முகூர்த்தம் குறிச்சாச்சு.

எங்க ஊர்ல ஒரு பழக்கம் உண்டு. கல்யாணமோ, கோயில் நோம்பியோ, காதுகுத்தோ, எதுவா இருந்தாலும் டீ-ஷர்ட் அடிச்சிருவோம். துணி நம்மளது, தையல் நம்மளது, பிரிண்டிங்கும் உள்ளூர்லயே. மத்த ஊர்ல தாம்பூலப் பை குடுப்பாங்க, நாங்க டீ-ஷர்ட்டும் சேத்துக் குடுப்போம். ஒறம்பரைச் சொந்தபந்தம், ஸ்டாஃப், டெய்லரு, டிரைவரு எல்லாரும் அதப் போட்டுட்டுத்தான் விசேஷத்துல நிப்பாங்க. அதனால எம்.டி. டீ-ஷர்ட்டுன்னு ஆரம்பிச்சப்ப நான் ஆச்சரியப்படல.

"நானூறு பீஸுங்க தம்பி. நெஞ்சுல தங்க பாயில்ல, அந்த மினுங்கற ஒட்டுத்தாள்ல, கிட்ச்னு இங்கிலீசு எழுத்துல பெரிசா போட்டுரலாங்களா?"

மனசுக்குள்ள கணக்குப் போட்டேன்.

நானூறு பேரு. நானூறு பேருகிட்டயும் போன் இருக்குது. எவனாச்சும் ஒருத்தன், பந்தில எலை போடறதுக்குள்ள, இது என்ன வார்த்தைன்னு தேடிப் பாத்தாப் போதும். ஊரே கைகொட்டிச் சிரிக்கும். அது பத்தாதுன்னு எம்.டி. சொன்னாரு:

"ஹெல்கா அம்மாளுக்கும் பத்திரிக்கை அனுப்பியாச்சுங்க. ஆர்டர் பேசறதுக்கு அந்த வாரந்தான் வர்றாங்க. விசேசத்துல நம்ம கூட நிப்பாங்க."

அந்தம்மா வந்து, நானூறு நெஞ்சுல அந்த வார்த்தையப் பாத்து, "யாரு இதுக்கு அர்த்தம் சொன்னது?"ன்னு கேட்டா? ஆர்டரு போகும். எம்.டி. மானம் போகும். அதுக்கப்பறம் நான் போவேன்.

தடுக்கறதுன்னு முடிவு பண்ணேன். உண்மையச் சொல்லித் தடுக்கலாம்ல? அந்த யோசனை எனக்கு வரவே இல்ல.

"சார், பாயில் வேண்டாங்க. நாலு வாஷ்ல கிராக் ஆயிரும். உதிந்து போச்சுன்னா பேரு கெட்டுரும்."

"அப்ப கிராக் ஆகாத பாயில் பாருங்க தம்பி. உங்களுக்குத் தெரியாததுங்களா?"

இங்கதான் என் புத்தி என்னைக் கவுத்துச்சு. தொழில்னு வந்துட்டா எனக்கு வேற எதுவும் ஞாபகம் இருக்காது. எட்டுக் கடை ஏறி எறங்கினேன். ஒவ்வொரு பாயிலையும் துணில ஒட்டி, சுடுதண்ணில ஊறப்போட்டு, கல்லுல தேச்சு, மெஷின்ல சுத்த விட்டுப் பாத்தேன். கடைசில ஒண்ணு சிக்குச்சு. என்ன பண்ணாலும் உதிரல! சந்தோஷம் தாங்காம எம்.டி. டேபிள்ல கொண்டு போயி வெச்சேன்.

"சார், இது துணி கிழிஞ்சாலும் கிழியும், எழுத்து போகாதுங்க!"

"நல்லதுங்க தம்பி. அதையே வாங்கிருங்க"ன்னாரு.

வெளிய வந்து கதவச் சாத்தினதுக்கு அப்பறந்தான், நான் இதத் தடுக்கப் போனவன்னே ஞாபகம் வந்துச்சு.

அடுத்த நாள் வேற வழில போனேன். "சார், அந்த வார்த்தைல ஏற்கெனவே பிராண்ட் எதாச்சும் இருக்கலாம். கேஸ் கீஸுன்னு வந்துருச்சுன்னா?"

"நாம விக்கவா போறோம்? ஊட்டு விசேசத்துக்குத்தானுங்க."

அதுவும் போச்சு. நேரா பிரிண்டிங் யூனிட்டுக்கு ஓடினேன். அனுப்பர்பாளையத்துல பாத்திரப் பட்டறைங்களுக்கு நடுவுல இருக்கு. பழனின்னு ஒருத்தர் நடத்தறாரு. எங்க வேலையெல்லாம் அவருகிட்டதான். பக்கத்துப் பட்டறைல டங்கு டங்குன்னு அடிக்கற சத்தத்துல நான் கத்திக் கத்திக் கெஞ்சினேன்.

"பழனி, ஸ்கிரீன் கிழிஞ்சு போச்சு, மெஷின் ரிப்பேருன்னு எதாவது சொல்லி விசேஷம் முடியற வரைக்கும் இழுத்துருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"அது எப்படிங்க சார்? எம்.டி. நேத்தே வந்து ஆர்ட்வொர்க்குல கையெழுத்தே போட்டுக் குடுத்துட்டுப் போயிட்டாரு. எழுத்துல இருக்குதான்னு நீங்கதானுங்க எப்பவும் கேப்பீங்க?"

உண்மைதான். எங்க சாம்பிள் ரூம் சுவத்துல நானே ஒரு பேப்பர் ஒட்டி வெச்சிருக்கேன். "பையர் வாயில சொன்னது கமெண்ட் இல்ல. மெயில்ல வந்தாத்தான் கமெண்ட். எழுத்துல வாங்காம எதையும் மொத்தமாப் போடாதீங்க." அடில என் கையெழுத்து வேற.

"எங்க, அந்த ஆர்ட்வொர்க்கக் காட்டுங்க."

"கவரு ஒட்டியிருக்குதுங்க சார். விசேசத்தன்னைக்கு எல்லாரும் ஒண்ணாப் பாக்கோணும்னு சொல்லிப்போட்டாரு." பழனி ஒரு மாதிரி சிரிச்சாரு. "நீங்க எக்ஸ்.எல். தானுங்க?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

"எம்.டி. சொன்னாருங்க."

நானூறு பேருல என் சைஸையும் ஞாபகம் வெச்சு சொல்லியிருக்காரே மனுசன்! இவ்வளவு பாசம் காட்டறவருக்கு இப்படி ஒரு துரோகமான்னு வீட்டுக்கு வந்து என் பொண்டாட்டி வித்யாகிட்ட எல்லாத்தையும் கொட்டினேன்.

அவ முழுசாக் கேட்டா. அப்பறம் எங்க வீட்டு ஷோகேஸக் கை காட்டினா.

"ஏனுங்க, அது என்னங்க?"

பேட்டரி போட்டா சுத்திச் சுத்தி ஆடற ஜோடி பொம்மை. ரெண்டு பிளாஸ்டிக் அன்னம். ஒரு கொத்து கண்ணாடி திராட்சை. நடுவுல, எங்க கல்யாண போட்டோவ இதயத்துக்குள்ள வெச்சு எரியற லைட்டு. அத்தனையும் நான் ஆசை ஆசையாப் பாத்து வாங்கினது.

"அது… வேற" அப்படின்னேன்.

"எப்படிங்க வேற?"

நான் எந்திரிச்சுப் போயி அந்த இதய லைட்ட அணைச்சேன்.

"நாளைக்குக் காலைல மொத வேலையாப் போயி உண்மையச் சொல்லுங்க. மிஞ்சிப் போனா நாலு வார்த்தை திட்டுவாரு. வாங்கிக்கோங்க."

ராத்திரி பூரா ஒத்திகை பாத்துட்டு, முடி வெட்டி, ஷேவ் பண்ணி, மன்னிப்புக் கேக்கற மூஞ்சியோட எம்.டி. ரூம் கதவத் தட்டினேன்.

"சார், ஒரு விஷயம் சொல்லணும்…"

எம்.டி. தலையத் தூக்கிப் பாத்தாரு. பேனாவக் கீழ வெச்சாரு.

"தம்பி! முடி வெட்டிருக்கறீங்களா? அட, நெம்பக் கிட்ச்சுங்க!"

"தேங்க்ஸ் சார்."

"என்னமோ சொல்லோணும்னீங்களே?"

"ஒண்ணுமில்லீங்க சார். டீ சொல்லட்டுங்களான்னு கேக்க வந்தேன்."

அதோட என் வீரம் முடிஞ்சுது.

கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பழனி ஆளு விட்டு வீட்டுக்குப் பார்சல் அனுப்பினாரு. பாலி பேக்ல பாந்தமா மடிச்ச கறுப்பு டீ-ஷர்ட். எக்ஸ்.எல். நெஞ்சுல இந்தக் கடைசில இருந்து அந்தக் கடைசி வரைக்கும் தங்க எழுத்துல அந்த வார்த்தை. கூடவே எம்.டி. கையெழுத்துல ஒரு சீட்டு. "அவசியம் இதைப் போட்டுக்கொண்டு வரவும்."

மறுநாள் காலைல அதப் போட்டுட்டுக் கண்ணாடி முன்னால நின்னேன். எழுத்து என்னமா மின்னுது! பாயில் விஷயத்துல நான் தப்பே பண்ணல.

வித்யா பட்டுப் புடவை கட்டிட்டு வந்து பாத்தா. "நான் பஸ்ஸுல வந்துக்கறேனுங்க"ன்னா.

தனியாத்தான் போனேன். பேக்க முதுகுல போடாம நெஞ்சுல மாட்டிக்கிட்டு, சிக்னல்ல எல்லாம் ஹேண்டில்பார் மேல குனிஞ்சுக்கிட்டு. போகப் போக ஒரு ஆறுதல் மட்டும் இருந்துச்சு. அங்க இன்னும் முந்நூத்தித் தொண்ணூத்தி ஒம்போது பேரு இதே கோலத்துல இருப்பாங்க. கூட்டத்தோட கூட்டமா நின்னுக்கலாம். என்னை மட்டும் யாரு பாக்கப் போறாங்க?

யானைங்களுக்கு நடுவுல வண்டிய நிறுத்தி, பேக்கக் கழட்டிட்டு, பந்தலுக்குள்ள நுழைஞ்சேன்.

எல்லாரும் நீலக் கலர்ல இருந்தாங்க.

நீல டீ-ஷர்ட். நெஞ்சுல சின்னதா ஒரு தங்க நூல் கோன். அதுக்குக் கீழ தமிழ்ல "ஈஸ்வரமூர்த்தி இல்லம், புதுமனை புகுவிழா". எம்.டி. போட்டிருக்காரு. அவரு சம்சாரம் பட்டுப் புடவை மேலயே போட்டிருக்காங்க. டெய்லருங்க, டிரைவரு, சமையக்காரரு, பந்தல் போட்டவரு, மேளக்காரர் எல்லாருக்கும் நீலம். பழனி சாம்பார் வாளியோட என்னைத் தாண்டிப் போனாரு. அவரும் நீலம்.

கறுப்புல நான் ஒரே ஒருத்தன். தங்க எழுத்தோட.

பார்சல் மாறிப் போச்சுன்னு நெனச்சேன். சத்தியமா அப்படித்தான் நெனச்சேன். யாரோட டீ-ஷர்ட்டு எனக்கு வந்துருச்சோன்னு அங்கயும் இங்கயும் தேடினேன். அந்த அளவுக்கு எனக்கு அறிவு.

"வாங்க தம்பி, வாங்க!" எம்.டி. ரெண்டு கையையும் கூப்பிக்கிட்டு வந்தாரு. "சைஸ் கரெக்டா இருக்குதுங்களா?"

அப்பத்தான் ஹெல்கா அம்மா வந்தாங்க. அவங்களும் நீலம். தலைல மல்லிகைப் பூ. என் நெஞ்சப் படிச்சாங்க. படிச்சதும் மூஞ்சி செவசெவன்னு ஆயிருச்சு. கூடவே சிரிப்பும் வந்துருச்சு. அடக்கப் பாத்தாங்க, முடியல.

"இதத்தான் பண்ணியிருக்கீங்களா மிஸ்டர் மூர்த்தி! நீங்க மெயில்ல சொல்லவே இல்லையே!"ன்னு இங்கிலீஷ்ல கேட்டாங்க.

மெயிலா?

அப்பறம் அவங்க ஒரு பார்சலப் பிரிச்சாங்க. உள்ள ஒரு பீங்கான் நாய்க்குட்டி. கழுத்துல தங்கப் பட்டை, கண்ணுல ஒரு சொட்டுக் கண்ணீர். அவங்க அம்மா வீட்டு ஷோகேஸ்ல இருந்ததாம். அம்மா வீடு முழுக்க இப்படித்தானாம். பாட்டுப் பாடற கடிகாரம், மினுமினுக்கற விளக்கு, சுவரெல்லாம் படம். அம்மா போனதுக்கு அப்பறம் அந்த மாதிரி ஒரு வீட்டப் பாக்கவே இல்லையாம். அன்னிக்கு இந்த வீட்டுக்குள்ள வந்து குருவி கத்தினதும், அம்மா ஞாபகத்துல வாயில வந்துருச்சாம் அந்த வார்த்தை. சொல்லிட்டு எம்.டி. சம்சாரத்தோட கையப் பிடிச்சுக்கிட்டாங்க. நாய்க்குட்டிய அருவிக்குப் பக்கத்துல வெச்சாங்க. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு அப்படிப் பொருந்துச்சு!

நான் டீ குடிக்கப் போனப்ப அந்த வாத்தியார் சொன்ன "இன்னொண்ணு" இதுவாத்தான் இருக்கணும்.

எம்.டி. என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போனாரு. கோன் வெயில்ல பளபளன்னு நிக்குது.

"அந்தம்மா சொன்ன அன்னைக்கே மெயில் போட்டுட்டனுங்க தம்பி. உங்களச் சேக்காம. மூணாம் நாளு பதில் வந்துருச்சு. அர்த்தம், அவங்க அம்மா ஊடு, மன்னிப்பு எல்லாம் மூணு பாரா. எழுத்துல வாங்காம எதையும் நம்பாதீங்கன்னு நீங்கதானுங்க சுவத்துல ஒட்டி வெச்சிருக்கறீங்க."

மூணாம் நாளு. என் பூப்போட்ட சட்டை. எக்ஸெல் ஷீட்டு. குஞ்சம். ரிங்டோன். என் இங்கிலீஷ்!

ஒவ்வொண்ணுக்கும் தேங்க்ஸ் வேற சொன்னேன்.

"சார், அர்த்தத்த மாத்திச் சொன்னதுக்கு…"

"அர்த்தம் கெடக்குதுங்க, விடுங்க. என்ற மனசு நோகக்கூடாதுன்னு மாத்திச் சொன்னீங்க. அது தப்பில்லீங்க." அவரு கோன் மேல கைய வெச்சாரு. "பதினாறு வயசுல பனியன் கம்பெனில கைமடிக்குச் சேந்தனுங்க. டெய்லருக்கு எதுக்க உக்காந்து துணி எடுத்துக் குடுக்கற வேலை. ஆனா காலைல மொத வேலை, கோன் மூட்டைய முதுகுல தூக்கிட்டு நாலு மாடி ஏறறது. அன்னைக்கு முதுகுல இருந்தது இன்னைக்கு ஊட்டுக்கு மேல இருக்கட்டும்னு வெச்சனுங்க. அழகுக்கு வெக்கல."

நான் தரையப் பாத்துட்டு நின்னேன்.

"அன்னைக்கு அந்தம்மா சொன்ன வார்த்தை எனக்குப் புரியலீங்க தம்பி. நீங்க சிரிச்ச சிரிப்பு புரிஞ்சுதுங்க."

பொளேர்னு ஒரு அறை விட்டிருந்தாக்கூட இவ்வளவு வலிச்சிருக்காது. எனக்கு அழுகையே வந்துருச்சு. கர்ச்சீப் இல்ல. தங்க எழுத்து மேலயே குனிஞ்சு மூஞ்சியத் தொடச்சேன். "மன்னிச்சுருங்க சார்"னு அன்னிக்குத்தான் முதல் தடவையாச் சொன்னேன். ஒத்திகை பாத்ததுல ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரல.

"அட, விடுங்க. சாப்பிடப் போலாம் வாங்க. பாயாசம் ஆறிப்போயிரும்." படி எறங்கப் போனவரு திரும்பிப் பாத்தாரு. "சனிக்கிழமை சனிக்கிழமை ஆபீஸுக்கு இதையே போட்டுட்டு வந்துருங்க தம்பி. எழுத்து இருக்கற வரைக்கும் போதுங்க. உங்களுக்கு நெம்பக் கிட்ச்சா இருக்குதுங்க."

"தேங்க்ஸ் சார்."

பழக்க தோஷம்.

ஆர்டர் வந்துருச்சு. வேலையும் இருக்குது. அந்த டீ-ஷர்ட்ட இதுவரைக்கும் முப்பது தடவைக்கு மேல துவைச்சாச்சு, சுடுதண்ணி, கல்லு, மெஷின் எல்லாம் பாத்தாச்சு. துணி வெளுத்து நூல் நூலாப் பிரிஞ்சு போச்சு, எழுத்து ஒண்ணுகூட உதிரல.